அழிக்கச் சொல்லும் அந்த ஒரு வரி

ரெஸ்யூமில் பொழுதுபோக்கை எழுதாதே. இணையத்தில் செய்ததை எழுதவே எழுதாதே. கல்லூரிப் பிளேஸ்மென்ட் வகுப்பிலும், வேலைவாய்ப்பு வழிகாட்டும் யூடியூப் காணொளிகளிலும், ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் வாயிலும் இன்று ஒரே குரலில் கேட்கும் அறிவுரை இது. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியிருக்கிறாயா, எடுத்துவிடு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உன் ஊர்த் தெருக்களை வரைந்திருக்கிறாயா, எடுத்துவிடு. இபேர்டில் வருடக்கணக்காகப் பறவைப் பட்டியல் ஏற்றியிருக்கிறாயா, அதையும் எடுத்துவிட்டு ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்று போடு. கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கும் முன் எத்தனையோ பிள்ளைகள் தாங்கள் உண்மையாகவே செய்த ஒரே வேலையைத் தங்கள் கையாலேயே அழித்துவிட்டு, எல்லோரும் எழுதும் வெற்றுச் சொற்களை அங்கே நிரப்புகிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. அனுபவஸ்தர்களின் வாயிலிருந்து வருவதால் நடைமுறை ஞானம் போல ஒலிக்கிறது, அவ்வளவுதான். இதனால் யாருக்கு நட்டம் என்று பார்த்தால் அதன் கொடுமை புரியும். பெரிய கல்லூரியின் பெயர் இருப்பவனுக்கு ஒரு வரி போனால் ஒன்றும் குறையாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு, அந்த வரி போனால் பக்கத்தில் எஞ்சுவது பெயரும் மதிப்பெண்ணும் மட்டுமே.

ஒரு ஃபிரெஷரின் ரெஸ்யூமில் மற்ற வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று நேர்மையாகப் பார்ப்போம். கல்லூரியின் பெயர் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் ஊரையும் பள்ளியையும் பொறுத்தது. இன்டர்ன்ஷிப் யாரோ ஒரு மாமாவின் ஃபோன் அழைப்பில் கிடைப்பது. கடைசி ஆண்டு புராஜெக்ட், புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் அறிக்கையும் நிரலும் வைவா கேள்விகளுக்கான பதில்களும் சேர்த்தே வந்துவிடும். ஆன்லைன் சான்றிதழ்களில் பல, காணொளியை ஓடவிட்டு விட்டுத் தூங்கினாலும் கிடைப்பவை. இவை எதையும் அழிக்கச் சொல்லிப் பயிற்சியாளர் யாரும் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கச் சொல்கிறவர்தான், மூன்று ஆண்டுகள் தன் மாவட்டத்தின் ஏரிகளைப் பற்றித் தேடித் தேடி எழுதியவளிடம் ‘இதெல்லாம் எதற்கு’ என்கிறார்.

முதல் மறுப்பு வழக்கமாக இப்படி வரும்: அது வேலை அல்ல, பொழுதுபோக்கு. சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை, கெடு இல்லை. அப்படிப்பட்டதை வேலை என்று எப்படிக் கணக்கில் எடுப்பது?

தமிழில் கணினி வேலை செய்யும் எவரும் இப்படிப் பேசக் கூசவேண்டும். இணையத்தில் தமிழ் இன்று நிற்கும் தளத்தைப் போட்டது இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் திருத்தி, இலவசமாக ஏற்றினார்கள். எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் தன்னார்வலர்களின் உழைப்பே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. பள்ளிக் குழந்தை தேர்வுக்குப் படிப்பதும், பத்திரிகையாளர் அவசரத்தில் பிறந்த ஆண்டைச் சரிபார்ப்பதும், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதும் அவற்றை வைத்துத்தான். இத்தனை பேர் பயன்படுத்தும் பொருளை உருவாக்கியவரிடம் ‘நீ செய்தது வேலை அல்ல’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்த வேலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் இந்த அலட்சியம். தமிழ் விக்கிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய நூலை வருடி ஏற்றுகிறார்கள். கணினி அதன் எழுத்துகளைத் தானே படித்துத் தருகிறது. அதில் ‘ர’ காலாக மாறியிருக்கும், ஒற்றெழுத்தின் புள்ளி காணாமல் போயிருக்கும், அடிக்குறிப்பு பத்தியின் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பச்சையாகும். தான் மெய்ப்புப் பார்த்த பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது. அச்சகத்திலும் பதிப்பகத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மெய்ப்புப் பார்க்கும் முறைக்கு இது எந்த வகையில் குறைந்தது? இதில் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பச்சை வரை கொண்டுவந்த ஒரு மாணவன் பதிப்பக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்கச் சொன்னால், பதிப்பகத்துக்கும் நட்டம், பையனுக்கும் நட்டம்.

விக்கிப்பீடியாவிலும் இப்படித்தான். சான்று இல்லாத வாக்கியத்தை யாராவது நீக்குவார்கள். சண்டை வந்தால் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும். கத்தினால் அங்கே காரியம் நடக்காது. முகம் தெரியாதவரின் திருத்தத்தை ஏற்கவும், ஏற்க முடியாதபோது காரணம் சொல்லி மறுக்கவும் பழக வேண்டும். அலுவலகங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று பயிற்சி நடத்துவது இதற்காகத்தானே?

அறிவியலே இந்த உழைப்பை ஏற்று, அதன் மேல் நின்று பேசுகிறது. 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 பறவை இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இபேர்டில் ஏற்றிய ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் பறவைகளை எண்ணுகிறவர்களின் பதிவுகளும் அந்தத் தளத்துக்கே போகின்றன. அசாதாரணமான பறவையைப் பார்த்ததாக எழுதினால், அந்தப் பகுதியின் சரிபார்ப்பாளர் படம் கேட்பார், விவரம் கேட்பார், திருப்தி இல்லையென்றால் ஏற்க மாட்டார். ஃபோல்டிட் என்ற புரத மடிப்பு விளையாட்டில் நடந்தது இதைவிட வியப்பு. குரங்குகளில் எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் ஒரு வைரஸின் நொதியமைப்பு பத்தாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011-இல் அந்த விளையாட்டின் ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் அதற்கு வழி கண்டார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அந்த ஆட்டக்காரர் குழுக்களின் பெயர்களும் இடம்பெற்றன. ஆய்விதழ் ஆசிரியராக ஏற்றுக்கொண்டவரை ரெஸ்யூமில் ஏற்கக் கூடாது என்று சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது மறுப்பு: யார் வேண்டுமானாலும் பொய் எழுதலாமே. உண்மை இதற்கு நேர் எதிரானது. ரெஸ்யூமில் மிக எளிதாகச் சரிபார்க்கக்கூடிய வரி இதுதான். ஒரு விக்கிப்பீடியா பயனரின் ‘பங்களிப்புகள்’ பக்கத்தைத் திறந்தால், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டுரையில், எவ்வளவு சேர்த்தார், எவ்வளவு நீக்கினார் என்பது வரிசையாக வந்துவிடும். அவருடைய திருத்தத்தை யார் மாற்றினார், அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் அங்கேயே கிடக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஒவ்வொரு தொகுப்புக்கும் பெயரும் தேதியும் உண்டு. ‘குழுவாகச் செயல்படுபவர்’ என்ற வரியை எந்த எச்.ஆர். அதிகாரியாவது சரிபார்க்க முடியுமா? முந்தைய கம்பெனியில் இவர் என்ன கிழித்தார் என்று கேட்டால் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் தவிர வேறு எதையும் சொல்லாத நிறுவனங்கள்தான் அதிகம். பொய்க்கு அஞ்சுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய வரியையே அழிக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது: வேலைக்குச் சம்பந்தம் இல்லை. சில நேரங்களில் இது சரி. வங்கிக் கணக்கர் வேலைக்கு மரங்கொத்தியைப் பார்த்த கதை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அனுபவம் இல்லாத ஒருவரிடம் நிறுவனம் தேடுவது என்ன? சொல்லாமலே செய்வாரா, தொடங்கியதை முடிப்பாரா, தவறைச் சுட்டினால் திருத்திக்கொள்வாரா என்பவைதான். யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் கொடுக்காமல், வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் வீதம் மூன்று ஆண்டுகள் ஒரு காரியத்தை விடாமல் செய்தவர் என்பதற்குச் சான்று கையில் இருந்தால், அதைவிடச் சம்பந்தமுள்ள செய்தி ஃபிரெஷரின் ரெஸ்யூமில் வேறு என்ன இருக்க முடியும்? பத்துப் பேர் ‘பைத்தான் தெரியும்’ என்று எழுதியிருக்கும் இடத்தில், பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைத் திருத்தப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுகிறவர் தனித்துத் தெரிவார்.

நான்காவது மறுப்பைச் சொல்கிறவர்கள் மெல்லிய குரலில் சொல்வார்கள்: இதையெல்லாம் எழுதினால், இந்த ஆள் ஆபீஸ் நேரத்திலும் அதையே செய்வான் என்று நினைத்துவிடுவார்கள். வேலைக்கு வருகிறவர் மாலையில் வீட்டுக்குப் போனதும் வெறும் ஆளாகிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதன் அடியில் இருக்கிறது. கல்லூரி அணியில் கிரிக்கெட் ஆடியதாக ஒருவர் எழுதினால், ஆபீஸில் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான் என்று யாராவது அஞ்சினார்களா? 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தபோது, அது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றே சொன்னார். இன்று ஆண்ட்ராய்டு ஃபோன்களின் அடியிலும், உலகின் முதல் 500 மீக்கணினிகளிலும் ஓடுவது அந்த லினக்ஸ்தான். எல்லோரும் டோர்வால்ட்ஸ் ஆகப் போவதில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்பவரைச் சோம்பேறி என்று சந்தேகிக்கும் மனநிலையை மாற்றிக்கொள்ள அந்த ஒரு வரலாறு போதும்.

‘ஆறு நொடி’ வாதமும் உண்டு. தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2012-இல், ஆளெடுப்பவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்தது. முதல் பார்வையில் ஒரு ரெஸ்யூமுக்கு அவர்கள் ஒதுக்குவது சுமார் 6 நொடி என்றது. 2018-இல் அதுவே 7.4 நொடி என்றது. இதைக் காட்டி, தேவையற்றதையெல்லாம் வெட்டு என்கிறார்கள். ஆனால் அந்த நொடிகளில் கண் எங்கே போனது என்பதை யாரும் சொல்வதில்லை. பெயர், இப்போதைய பதவி, நிறுவனம், முந்தைய பதவி, தேதிகள், படிப்பு ஆகியவற்றின் மேல்தான் பெரும்பாலும் நின்றது. ஃபிரெஷரிடம் பதவியும் இல்லை, நிறுவனமும் இல்லை, தேதியும் இல்லை. வேலை அனுபவம் உள்ளவருக்கான அளவை அவர்மேல் போட்டால், அவர் பக்கத்தில் கண் நிற்க இடமே இருக்காது. இணையப் பங்களிப்பை ஒரு வேலையைப் போலவே எழுதிப் பாருங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, என்ன பொறுப்பு என்று. கண்ணுக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

இனி நான் மதிக்கும் ஒரே மறுப்பு. பொழுதுபோக்கை எழுதினால் பாகுபாட்டுக்கு வழி வகுக்கும் என்பது அது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. சமூகவியலாளர் லாரன் ரிவெரா, அமெரிக்காவின் முன்னணி வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி 2012-இல் எழுதிய ஆய்வில், தங்களைப் போலவே பொழுதைக் கழிப்பவரையே அவர்கள் விரும்பி எடுத்தது தெரிந்தது. 2016-இல் அவரும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 147 சட்ட நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றே. குடும்பப்பெயர், உதவித்தொகை, பொழுதுபோக்கு போன்ற சில வர்க்க அடையாளங்கள் மட்டும் வேறு. பாய்மரப் படகும் போலோவும் மேற்கத்திய செவ்வியல் இசையும் எழுதிய ஆணுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு அழைப்பு வந்தது. ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் அமெரிக்கக் ‘கன்ட்ரி’ இசையும் எழுதிய ஆணுக்குச் சுமார் 1 விழுக்காடுதான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லோரும் அழித்துவிடுவோம் என்று முடிவுகட்டுவது தலைகீழான பாடம். பணக்கார வீட்டுப் பையன் தன் பாய்மரப் படகை அழிக்கப் போவதில்லை. நம் ஊரிலும் கோல்ஃபும் பியானோ கிரேடுகளும் வெளிநாட்டுக் கோடை முகாமும் ரெஸ்யூமில் இருக்கத்தான் செய்கின்றன. யாரும் அவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை, ‘முழுமையான ஆளுமை’ என்று பாராட்டுகிறார்கள். அறிவுரைக்குப் பணிந்து அழிப்பவர்கள், கையில் இருக்கும் ஃபோனையும் பொது நூலகத்தையும் மட்டும் வைத்து எதையோ சாதித்தவர்கள். போலோ ஆடக் குதிரை வேண்டும். விக்கிப்பீடியாவில் எழுதத் தேவைப்படுவது டேட்டாவும் பொறுமையும் நல்ல புத்தகங்களும். உள்ளே நுழையக் கட்டணம் இல்லாத களத்தில் ஒருவர் பெற்ற வெற்றியை மறைத்துவிட்டு, கட்டணக் களத்தின் வெற்றியை மட்டும் பார்வைக்கு வைத்தால், பாகுபாடு எங்கே குறையும்? இன்னும் இறுகும். பாகுபாட்டுக்கு மருந்து, ஆளெடுப்பவர்களைத் திருத்துவது. விண்ணப்பிப்பவரின் வாயைக் கட்டுவது அல்ல.

விளையாட்டுகளின் கதை கொஞ்சம் வேறு. ‘பப்ஜியில் இந்த ரேங்க்’ என்று எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. அந்த எண் விளையாடாதவருக்கு எதையும் சொல்லாது. ஆனால் விளையாட்டு என்பதற்காக மட்டும் முகம் சுளிப்பதும் தவறு. ஜான் சீலி பிரௌனும் டக்ளஸ் தாமஸும் 2006-இலேயே ‘வயர்ட்’ இதழில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் பெரிய குழுவொன்றை நடத்துவது மேலாண்மைப் பயிற்சிக்கு நிகர் என்று எழுதினார்கள்: ஆள் சேர்க்க வேண்டும், சண்டை தீர்க்க வேண்டும், கிடைத்ததைப் பங்கிட வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் வரும்படி திட்டமிட வேண்டும். கிரான் டூரிஸ்மோ கார் பந்தய விளையாட்டுப் போட்டியில் 2011-இல் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். எதை விளையாடினாய் என்று கேட்டு நின்றுவிடாமல், அதில் எந்தப் பொறுப்பைச் சுமந்தாய் என்று கேட்டால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

எனவே எழுதுங்கள் என்கிறேன். ஆனால் ஒழுங்காக எழுதுங்கள். ‘ஹாபீஸ்’ என்று தலைப்பிட்டு, பாட்டுக் கேட்பது, விக்கிப்பீடியா, சமையல் என்று ஒரே வரியில் கொட்டினால், நீங்களே அதைக் குப்பையாக்கியவர் ஆவீர்கள். ‘தன்னார்வப் பணி’ அல்லது ‘திறந்தநிலைப் பங்களிப்பு’ என்று தனித் தலைப்பு கொடுங்கள். களத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, செய்த செயல், அளவு, இணைப்பு ஆகிய ஐந்தும் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். ‘தமிழ் விக்கிமூலம், 2022 முதல்; 19-ஆம் நூற்றாண்டு நூல்கள் இரண்டை முழுமையாக மெய்ப்புப் பார்த்தேன்; பயனர் பக்க இணைப்பு’ என்பது போல. தளத்தைத் தெரியாதவருக்கு அது என்னவென்று நான்கு சொல்லில் சொல்லிவிடுங்கள். இணையச் சதுரங்கத் தரவரிசையை எழுதினால் எந்தத் தளத்தின் எண் என்பதையும் எழுதுங்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசை போலத் தோன்றும்படி விட்டால் அது பொய். லைக்குகளையும் ஃபாலோயர் எண்ணிக்கையையும் விட்டுவிடுங்கள். அவை கடையில் கிடைப்பவை.

மறைக்க வேண்டிய நேரமும் உண்டு. பயனர் பெயரைச் சொன்னால் நீங்கள் இதுவரை செய்த எல்லாத் திருத்தங்களும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் திறந்துவிடும். அரசியல், சாதி, மதம் சார்ந்த கட்டுரைகளில் எழுதியவரோ, இணையத்தில் தொல்லைக்கு ஆளான பெண்ணோ தன் பாதுகாப்பை முதலில் பார்க்க வேண்டும். சேர்ந்து வேலை செய்த அமைப்பிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பது போதும். வேலை கிடைத்த பிறகு ‘நம் கம்பெனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடு’ என்று யாராவது சொன்னால், கூலிக்கு எழுதுவதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் 2014 முதல் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரிகளில் பயிற்சி தரும் ஆசிரியர்களே, வரியை அழிக்கச் சொல்லும் முன் இணைப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பார்த்த பிறகும் வெறும் நேரப்போக்கு என்று தோன்றினால் அழிக்கச் சொல்லுங்கள், பாராமலே சொல்லாதீர்கள். எச்.ஆர். அதிகாரிகளே, நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டு மனப்பாடப் பதிலை வாங்குவதற்குப் பதிலாக, அந்தப் பங்களிப்புப் பக்கத்திலிருந்து ஒரு திருத்தத்தைக் காட்டி ‘இதை ஏன் இப்படி மாற்றினீர்கள்’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில் மனப்பாடத்துக்கு இடமில்லை. அவருடைய மூளை எப்படி வேலை செய்கிறது என்பது நேராகத் தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் காசு வாங்காமல் செய்தது, காசுக்குப் பெறாதது ஆகிவிடாது. உங்கள் பெயரில், உங்கள் உழைப்பில், உலகமே பார்க்கும்படி பதிவாகியிருக்கும் வேலை அது. அதைச் சேர்த்து, சான்றோடு, தலை நிமிர்ந்து கொடுங்கள். பார்த்துவிட்டு ஒதுக்குகிற நிறுவனம் சில இருக்கும். ஆனால் நீங்களே அழித்துவிட்டால், மதிக்கக்கூடிய நிறுவனத்துக்கும் உங்களைப் பார்க்க வழியில்லாமல் போய்விடும்.